கட்டாயமில்லாத வேலைகள்

சிங்காநல்லூர்,
8.2.1999

மருமகள் பொற்கொடிக்கு மாமன் அங்கப்பன் ஆசீர்வாதம் சொல்லி எழுதுவது. எனக்கு மூட்டு வலி கூடவே இருக்கிறது. அது ஒரு நாள் இல்லாவிட்டால்தான் சந்தேகப்பட வேண்டும். மற்றபடி குறை இல்லை. உனக்கு அந்தக் குளிர் விட்டதா, வேளைக்குச் சாப்பிடுகிறாயா என்று எழுது.

எழுதுகிறவன் சாமுவேல். மில்லில் என்னோடு ஸ்பின்னிங்கில் இருந்தவன். மில் மூடின பிறகு பஸ் ஸ்டாண்டுக்கு எதிரில் பிரவுசிங் சென்டர் போட்டிருக்கிறான். நான் சொல்லச் சொல்ல எழுதுவான். உன் கடிதம் வந்தால் ஒரு தடவை படிப்பான். எனக்கு அது போதும், மறக்காது. "ஈ-மெயில்ல அனுப்புனா ஒரே நிமிசத்துல போயிருமுங்ணா" என்கிறான். ஒரே நிமிஷத்தில் போய்விட்டால் மீதி நாளெல்லாம் நான் எதற்குக் காத்திருப்பது.

கதிரேசனின் தலைத்திவசம் பேரூரில் முடிந்தது. அய்யர் சொன்னதைத் திருப்பிச் சொன்னேன். பிண்டத்தை ஆற்றில் விட்டேன். அப்பன் மகனுக்குச் செய்கிற காரியம் என்பதால் பக்கத்தில் நின்றவர்கள் யாரும் என் முகத்தைப் பார்க்கவில்லை.

பந்தியில் என் தம்பி நஞ்சப்பன் கேட்டான். "வருசம் முடிஞ்சுது. கொழந்தையும் இல்ல. இனி அந்தப் புள்ளைக்கும் நம்முளுக்கும் என்னுங்ணா ஒட்டு?"

"எலையப் பாத்துச் சாப்புட்றா" என்று சொல்லிவிட்டேன்.

ஆனால் முறைப்படி பார்த்தால் அவன் கேட்டதில் தப்பில்லை. நீ இனி எனக்குக் கடிதம் போட வேண்டும் என்று கட்டாயம் இல்லை அம்மணி. போட்டால் சந்தோஷம்.

தைப் பொங்கல் கடிதத்துக்கு நாலு மூலையிலும் மஞ்சள் தடவி அனுப்புவேனே, உங்கள் இரண்டு பேருக்கும். எழுத்துத் தெரியாத நான் கடிதத்தில் என் கையால் செய்கிற வேலை அது ஒன்றுதான். அவன் போன பிறகு வந்த இரண்டு தையிலும் தடவவில்லை.

கோவிந்தராஜுலு தம்பி சுகமா? கதிரேசனோடு அதே ஆபீசில் வேலை பார்த்த தோஷத்துக்குப் பெட்டியோடு கூடவே பிளேனில் வந்து, சுடுகாடு வரைக்கும் நின்ற பிள்ளை. விசாரித்ததாகச் சொல்.

இன்னொன்று கேட்க வேண்டும். சாயங்காலம் ஆபீஸ் விட்டு வந்தால் கதிரேசன் அங்கே என்னதான் செய்வான்? அதை யாரும் எனக்குச் சொன்னதில்லை.

தலைக்குக் குல்லாய் போடாமல் வெளியே போகாதே.

சொன்னவன் அங்கப்பன், எழுதினவன் சாமுவேல்.


நியூஜெர்சி,
1.3.1999

அன்புள்ள மாமாவுக்கு பொற்கொடி வணக்கத்தோடு எழுதுவது. நான் நன்றாக இருக்கிறேனுங்க. குல்லாய் போட்டுக்கொள்கிறேன். உங்கள் மூட்டுக்குத் தைலம் தீர்ந்திருந்தால் சாமுவேல் அண்ணனை வாங்கித் தரச் சொல்லுங்க.

கட்டாயம் இல்லை என்று எழுதியிருந்தீங்க. எனக்கு வேறு யாருக்கு எழுதுவது என்று தெரியவில்லை. கோபியில் அம்மா போனிலேயே அழுதுவிடுகிறாள், பேச முடிவதில்லை. அதனால் எழுதுவேன்.

அவர் சாயங்காலம் செய்தது ஒரே வேலை. கம்ப்யூட்டரில் ஒரு கேம். ஒரு பெரிய தீவு. எந்தெந்த ஊரிலிருந்தோ ஆட்கள் போன் லைன் வழியாக அதற்குள் வந்து, ஆளுக்கு ஓர் உருவம் எடுத்து நடமாடுவார்கள். தலைக்கு மேல் பேர் மிதக்கும். அதில் ஒரு கதை உண்டு. பனிமலையில் இருக்கிற பூதத்திடமிருந்து அந்தத் தீவை மீட்க வேண்டும். இவரும் கோவிந்தராஜுலுவும் சேர்ந்து மாசக்கணக்கில் ஆடி அதை முடித்தார்கள். முடித்ததும் திரையில் ஒரு வரி வந்தது: கதை நிறைவுற்றது, இனி எதுவும் கட்டாயமில்லை, விரும்பினால் தங்கலாம்.

பாதிப் பேர் அதோடு போய்விடுவார்களாம். இவர் தங்கினார். கடலோரத்தில் வீடு கட்டினார். மீன் பிடிப்பார், ரொட்டி சுடுவார், செடிக்குத் தண்ணீர் ஊற்றுவார். புதிதாக வந்து வழி தெரியாமல் நிற்பவர்களை ஊர் வரைக்கும் கூட்டிப்போய் விட்டுவருவார். "இதுக்கெல்லாம் ஏதாச்சும் பரிசு குடுப்பாங்களா?" என்று ஒரு நாள் கேட்டேன். "ஒண்ணுமில்ல, சும்மாதான்" என்றார். எனக்கு அப்போது கோபம் வந்தது.

அந்த வீட்டுக்கு ஒரு விதி இருக்கிறது மாமா. கொஞ்ச நாள் யாரும் கதவைத் திறக்காவிட்டால் வீடு விழுந்துவிடும். உள்ளே இருப்பதெல்லாம் மண்ணில் சிதறும், போகிறவர் வருகிறவர் எடுத்துக்கொள்வார்கள். எனக்கென்று ஓர் உருவம் செய்து சாவியும் கொடுத்திருந்தார். அப்போது ஒரு நாளும் போனதில்லை. இப்போது தினமும் போய்க் கதவைத் திறந்து வைக்கிறேன். அவருடைய உருவம் அவருடைய பாஸ்வேர்டுக்குள் தூங்குகிறது. அதை நான் எழுப்புவதில்லை.

பக்கத்து வீடு கோவிந்தராஜுலுவுடையது. நான் மறந்த நாளில் செடிகளுக்கு அவர்தான் தண்ணீர் விடுகிறார். வீட்டு வாசலுக்கு எதிரே கடலுக்குள் நீட்டிய ஒரு மர மேடை. அதில் இரண்டு தூண்டில் சாத்தி வைத்திருக்கிறார் உங்கள் மகன். ஏன் இரண்டு என்று நான் கேட்டதே இல்லை.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்க.

பொற்கொடி.


சிங்காநல்லூர்,
22.3.1999

பொற்கொடி அம்மணிக்கு. தைலம் வந்தது, வலியும் இருக்கிறது, இரண்டும் ஒன்றையொன்று தொந்தரவு செய்வதில்லை. உன் சுகத்துக்கு எழுது.

ஏன் இரண்டு என்று எனக்குத் தெரியும். பள்ளிக்கூடம் விட்டதும் அவன் சிங்காநல்லூர்க் குளத்துக்குத் தூண்டிலோடு போவான். நான் ஷிப்ட் முடிந்து தலையெல்லாம் பஞ்சோடு நேரே அங்கே போனால், எனக்கு ஒன்று புழு மாட்டித் தயாராக இருக்கும். சில நாள் ஓவர்டைம் போட்டுவிடுவார்கள், போக முடியாது. மறுநாள் கேட்டால், "உங்குளுதயும் நானே புடிச்சுட்டனுங்ப்பா" என்பான். நான் வந்தாலும் வராவிட்டாலும் அவன் இரண்டு கொண்டுபோகிறவன்.

கேட்க வேண்டியது நிறைய இருக்கிறது. அங்கே என்ன மீன் விழுகிறது? கெளுத்தியா, ஜிலேபியா? பிடித்ததை யார் தின்கிறார்கள்? வீட்டுக்கு எந்தப் பக்கம் வாசல்? சாமுவேலிடம் கேட்டால், "அது பொய் மீனுங்ணா" என்கிறான். பொய் மீனை ஒருத்தன் தினம் சாயங்காலம் பிடிப்பானா?

சாமுவேல் கடையில் அந்த கேம் போட முடியுமாம். சாமுவேல் அதை எழுத வேண்டாம் என்கிறான், லைன் அடிக்கடி அறுந்துபோகுமாம். எழுதுடா என்று சொல்லிவிட்டேன்.

கோவிந்தராஜுலு தம்பி செடிக்குத் தண்ணீர் விடுவது கேட்டு மனசுக்கு ஆறுதல். நான் விசாரித்தேன் என்று சொல்ல மறக்காதே.

மாமன் அங்கப்பன்.


நியூஜெர்சி,
25.4.1999

மாமாவுக்கு வணக்கம். இரண்டு தூண்டில் விஷயத்தைப் படித்துவிட்டு ஒரு வாரம் மேடைப் பக்கமே போகவில்லை. அப்புறம் போனேன். இப்போது அந்த இடம் வேறு மாதிரி இருக்கிறது, தெரிந்த இடம் மாதிரி.

வாசல் கிழக்கே பார்த்துத்தானுங்க. மீன் நீலமாகவும் சிவப்பாகவும் விழும், பேர் இங்கிலீஷில் இருக்கும். சமைத்தும் சாப்பிடலாம், விற்றும் காசு வாங்கலாம். காசைக் கொண்டு கடையில் தூண்டில், தொப்பி, மேஜை என்று எது வேண்டுமானாலும் வாங்கலாம்.

நடுவில் எனக்கு நாலைந்து நாள் காய்ச்சல். இப்போது தேவலாம், பயப்படாதீங்க. கோவிந்தராஜுலு ரசம் வைத்து எடுத்து வந்தார். நெல்லூர்க் காரம், கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "மாமாகாரு சௌக்கியமா?" என்று உங்களைக் கேட்டார். அவர் தமிழ் பேசினால் எனக்குச் சிரிப்பு வரும். நான் சிரிக்கிறேன் என்பதற்காகவே பேசுகிறார் என்று நினைக்கிறேன். சனிக்கிழமை சாயங்காலம் அவரும் மேடைக்கு வருவார். தள்ளி நின்றுகொண்டு கடலைப் பார்த்துக்கொண்டிருப்பார். நான் கூப்பிட்டால்தான் பேசுவார். கதிர் இருந்தபோது வாயாடிக்கொண்டே இருந்தவர்.

அடுத்த மாசம் ஆபீசில் என்னை வெளியூருக்குப் பயிற்சிக்கு அனுப்புகிறார்கள். அங்கே இந்த கேம் கிடையாது. நீங்கள் ஆசைப்பட்டீங்களே, அந்த நாட்களில் கதவைத் திறந்து வைக்கிறீங்களா? என் பேரும் பாஸ்வேர்டும் தனித் தாளில் வைத்திருக்கிறேன். சாமுவேல் அண்ணனுக்குப் புரியும்.

மழை வந்தால் மில் லைன் வீட்டுக் கூரை ஒழுகுமே, ஓடு மாற்றிவிட்டீங்களா?

பொற்கொடி.


சிங்காநல்லூர்,
30.5.1999

அம்மணி பொற்கொடிக்கு. பயிற்சி முடிந்து வந்தாயா, காய்ச்சல் திரும்பவில்லையே? கூரைக்கு ஓடு மாற்றியாகிவிட்டது.

கதவைத் திறந்துபோட்டேன். சாமுவேல் உன் தாளைப் பார்த்து அடித்தான், பாட்டு வந்தது, கடல் வந்தது. அப்புறம் ஒரு பெண் வந்தாள், நீலக் கவுன் போட்டுக்கொண்டு. "யார்றா இது?" என்றேன். "நீங்கதானுங்ணா" என்றான். எழுபது வயதில் கவுன் போட்டுக்கொண்டேன். அந்த மௌஸ் என்கிற வஸ்துவை வலது பக்கம் தள்ளினால் நான் இடது பக்கம் சுவரில் முட்டுகிறேன். இன்டர்நெட்டுக்கு வந்த காலேஜ் பையன்கள் எல்லாம் என் பின்னால் நின்று சிரித்தார்கள். சிரிக்கட்டும். நான் கதவைப் பிடித்துவிட்டேன். திறந்தது.

உள்ளே பார்த்தேன். அடுப்பு, மேஜை, சுவரில் மாட்டிய மீன். அவன் ஒழுங்கு தெரிந்தது. பிறகு மேடைக்குப் போய்த் தூண்டிலைப் போட்டேன். முதல் தடவை ஒரு பழைய பூட்ஸ் மாட்டியது. அடுத்த நாள் ஒரு சிவப்பு மீன். சாமுவேல் கை தட்டினான், பொய் மீன் என்றவன்.

நான் நின்றுகொண்டிருக்கும்போது கோவிந்தராஜுலு தம்பி பக்கத்து வீட்டிலிருந்து ஓடி வந்தார். என்னை நீ என்று நினைத்துவிட்டார். ஏதோ அடித்தார். சாமுவேல் படித்தான்: "அதுக்குள்ள வந்துட்டியா? திங்கட்கிழமைன்னு சொன்னியே. சாப்பிட்டியா?" நான் அவள் இல்லை, மாமனார் என்று சாமுவேலை அடிக்கச் சொன்னேன். தம்பி இரண்டு அடி பின்னால் போனார். பிறகு தொப்பியைக் கழற்றிக் குனிந்து கும்பிட்டார். ஒரு வாளி மீனை என் காலடியில் வைத்துவிட்டுப் போய்விட்டார். நல்ல மரியாதை தெரிந்த பிள்ளை.

இனி ஞாயிற்றுக்கிழமை மட்டும் நான் போகலாமா? நீ வந்துவிட்டாய், கதவுக்கு நான் தேவை இல்லை. சும்மாதான் கேட்கிறேன்.

கோவிந்தராஜுலு தம்பி எப்படி இருக்கிறார் என்று எழுது.

கவுன் போட்ட மாமன் அங்கப்பன்.


நியூஜெர்சி,
4.7.1999

மாமாவுக்கு. சுகமாக இருக்கிறேன். வேலை அதிகம், பதில் தாமதம், மன்னிச்சுக்குங்க.

தாராளமாகப் போங்க. ஆனால் ஒரே பாஸ்வேர்டில் இரண்டு பேர் உள்ளே போக முடியாது. அதனால் அவருடையதை அனுப்புகிறேன். யோசித்துத்தான் அனுப்புகிறேன். அது உங்களுடையதும்தானே.

ஒரே ஒரு வேண்டுகோள். உங்களுக்கு ஞாயிறு மத்தியானத்துக்கு மேல் போங்க. அப்போது எனக்கு இங்கே நடுராத்திரி, உள்ளே இருக்க மாட்டேன். அவர் உருவம் நடப்பதைப் பார்க்க எனக்கு இன்னும் தைரியம் இல்லை.

இங்கே வெயில். வேறு விசேஷம் எதுவும் இல்லை. மாத்திரையை விடாமல் சாப்பிடுங்க.

பொற்கொடி.


சிங்காநல்லூர்,
16.8.1999

பொற்கொடி அம்மணிக்கு மாமன் எழுதுவது. நீ நல்லபடியாக இருக்க வேண்டும். எனக்கு உடம்பு சரிதான், மனசுதான் சரியில்லை. ஒரு தப்பு செய்துபோட்டேன்.

நான்கு வாரம் நீ சொன்னபடி மத்தியானத்துக்கு மேல்தான் போனேன். கதிரேசன் உருவம் எப்படி என்று உனக்குத் தெரியும், நான் சொல்ல வேண்டியதில்லை. பழுப்புத் தொப்பி, கைமடித்த சட்டை. முதல் நாள் அவனை நடக்கவே விடவில்லை, நிற்க வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். மறு வாரம் நடந்தோம். செடிக்குத் தண்ணீர் விட்டோம்.

நேற்று சாமுவேலின் அக்கா வீட்டில் கிரகப்பிரவேசம் மாதிரி ஏதோ ஜெபம், மத்தியானம் கடை கிடையாது. "காலைல ஒரு நடை வந்துட்டுப் போயிருங்ணா" என்றான். நீ சொன்னது எனக்கு மறக்கவில்லை. மறக்கிற ஆள் நான் இல்லை. ஒரே நிமிஷம், கதவைத் திறந்துவிட்டு ஓடிவந்துவிடலாம் என்று நினைத்துக்கொண்டேன்.

வீட்டுக்குள்ளிருந்து கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்தேன். மேடையில் இரண்டு பேர் உட்கார்ந்திருந்தார்கள். இரண்டு தூண்டிலும் தண்ணீரில் இருந்தது. நீலக் கவுனைப் பார்த்ததும் நீ என்று தெரிந்தது. எனக்குச் சந்தோஷத்தில் எல்லாம் மறந்துவிட்டது. அம்மணி என்று மேடையில் ஏறி நடந்து வந்தேன். நீ எழுந்தாய். அடுத்த நிமிஷம் அங்கே ஆள் இல்லை, தூண்டில் மட்டும் கிடந்தது. பக்கத்தில் இருந்தவர் எழுந்து நின்று, "யார் நீங்க?" என்று கேட்டதாகச் சாமுவேல் படித்தான். நான் பதில் சொல்வதற்குள் லைன் அறுந்துபோய்விட்டது.

வெளியே வந்து டீக்கடையில் உட்கார்ந்த பிறகுதான் உறைத்தது. உன்னைப் பார்த்து நடந்து வந்தது நான் இல்லை, கதிரேசன்.

கிழவனை மன்னித்துக்கொள் கண்ணு. உன்னைப் பயமுறுத்த வரவில்லை.

அங்கப்பன்.


சிங்காநல்லூர்,
10.10.1999

பொற்கொடி அம்மணிக்கு. ஆடி போய் ஆவணி போய் புரட்டாசியும் முடியப் போகிறது, உன் பதில் இல்லை. சாமுவேல் ஈ-மெயில் போட்டுப் பார்க்கட்டுமா என்றான். வேண்டாம் என்றேன். பதில் போடாத பிள்ளையை அவசரமாகக் கூப்பிடக் கூடாது. நீ சுகமாக இருந்தால் போதும். எனக்கு ஒரு சளி வந்து போய்விட்டது.

செய்த தப்புக்கு ஒரு வேலை செய்திருக்கிறேன், அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். இனிமேல் நான் கதிரேசன் சட்டையைப் போட்டுக்கொண்டு வரமாட்டேன். சாமுவேல் எனக்கென்று புது உருவம் செய்து கொடுத்தான். வெள்ளைத் தாடி வைத்த கிழவன், முழங்கால் வரைக்கும் தொளதொள கால்சட்டை. நான் தாடி வைத்ததே இல்லை, ஆனால் வழுக்கை சரியாக இருக்கிறது.

புதிதாக வந்தவன் என்பதால் என்னைப் பனிமலைக்குப் போ, பூதத்தை அடி என்று ஒரு சிப்பாய் துரத்துகிறான். எனக்கு உன் கதையே வேண்டாம் சாமி, மீன்பிடிக்கிற இடம் எங்கே என்று கேட்டேன். அவனுக்குக் காது இல்லை. நானே நடந்து கடலோரத்துக்கு வந்து சேர்ந்தேன்.

வீட்டுக்குச் சாவி வேண்டுமே. சாவி வைத்திருப்பவர் தன் கையால் கொடுத்தால்தான் வரும் என்று சாமுவேல் சொன்னான். ஒரு கம்ப்யூட்டரில் நான் தாடியோடு உட்கார்ந்தேன். பக்கத்துக் கம்ப்யூட்டரில் சாமுவேல் கதிரேசனை எழுப்பினான். அவன் தொப்பியோடு வாசலில் இறங்கி வந்து என் எதிரில் நின்றான். கையை நீட்டினான். என் மகன் கையிலிருந்து நான் சாவி வாங்கிக்கொண்டேன் அம்மணி. பிறகு அவனை உள்ளே கூட்டிப்போய், அடுப்புப் பக்கம் நிறுத்திவிட்டு, விளக்கை அணைக்கிற மாதிரி அவனை மூடிவிடு என்று சாமுவேலிடம் சொன்னேன். இனி அவனை யாரும் எழுப்ப வேண்டாம். தூங்கட்டும்.

ஆகவே நீ எந்த நேரம் வேண்டுமானாலும் வரலாம். தாடிக்காரனைப் பார்த்தால் அது மாமன்.

கோவிந்தராஜுலு தம்பியையும் விசாரித்தேன்.

அங்கப்பன்.


நியூஜெர்சி,
2.11.1999

மாமாவுக்கு பொற்கொடி எழுதிக்கொள்வது. சளிக்கு இஞ்சிக் கஷாயம் குடித்தீங்களா? எனக்கு உடம்புக்கு ஒன்றும் இல்லை. எழுத உட்காருவேன், கிழித்துப்போடுவேன், இப்படியே இரண்டு மாசத்துக்கு மேல் போய்விட்டது.

அன்றைக்கு அவர் தொப்பி கதவில் தெரிந்ததும் போன் வயரைப் பிடுங்கிவிட்டேன். வந்தது நீங்கள் என்று பிறகு புரிந்தது. ஆனால் அந்த ஒரு நொடியில் எனக்குப் பயம் வரவில்லை மாமா, குற்ற உணர்ச்சிதான் வந்தது. வீட்டுக்காரர் இல்லாத வீட்டில் எதையோ எடுத்துக்கொண்டிருக்கும்போது அவர் திரும்பி வந்துவிட்ட மாதிரி. உங்கள் மேல் தப்பே இல்லை.

அடுத்த மாசிக்குள் நான் இந்த ஊரை விட்டு டல்லாஸ் போக வேண்டி வரலாம். போவதா வேண்டாமா என்று தை பிறப்பதற்குள் பதில் சொல்ல வேண்டும். ஆபீஸ் கேட்கவில்லை. கேட்டவர் வேறு, அங்கே வேலை மாறிப் போகிறவர். அம்மாவிடம் சொன்னேன். "உன்ற இஷ்டம் கண்ணு" என்று போனை வைத்துவிட்டாள். நான் கேட்க வேண்டிய இடம் இன்னும் ஒன்று இருக்கிறது. அங்கே வேண்டாம் என்று சொன்னால் நான் போகமாட்டேன், வருத்தப்படவும் மாட்டேன்.

ஆனால் எழுத வரவில்லை. நான் எழுதினால் சாமுவேல் அண்ணன் படித்து நீங்கள் கேட்க வேண்டும். உங்கள் முகத்தை அவர் பார்ப்பார், நான் பார்க்க மாட்டேன்.

டல்லாஸ் போனால் கொஞ்ச நாள் வீடும் இருக்காது, போன் லைனும் இருக்காது. கதவைத் திறக்க முடியாது. எல்லாவற்றையும் விட அதை நினைத்தால்தான் தூக்கம் வருவதில்லை.

பொற்கொடி.


சிங்காநல்லூர்,
28.11.1999

என் பொற்கொடி அம்மணிக்கு. கஷாயம் குடித்தேன், சளி போய்விட்டது. நீ தூங்க வேண்டும். முதலில் அதைச் செய்.

உன் கடிதத்தைப் படிக்கும்போது சாமுவேல் நடுவில் நிறுத்திவிட்டான். "கண்ணுல தூசுங்ணா" என்று சொல்லிக்கொண்டு வெளியே போய் டீ குடித்துவிட்டு வந்தான். திரும்பி வந்து, "எனக்குக் காது கேக்காதுன்னு நெனச்சுட்டுச் சொல்லுங்ணா" என்கிறான். காது கேட்காதவன் எப்படி எழுதுவான் என்று கேட்டேன். சிரிக்கிறான். நல்லவன். இவன் முன்னால் சொல்லக் கூடாதது எனக்கு ஒன்றும் இல்லை. ஆனால் நீ எழுதாததை நானும் எழுதச் சொல்லப் போவதில்லை.

ஒன்று மட்டும். மாசியிலிருந்து சித்திரை வரைக்கும் உன் கடிதங்களில் ஒரு பேர் வந்துகொண்டிருந்தது. செடிக்குத் தண்ணீர் விட்டது, ரசம் வைத்தது, சிரிக்க வைத்தது. ஆனியிலிருந்து அந்தப் பேர் இல்லை. நான் விசாரித்து எழுதிக்கொண்டே இருந்தேன், நீ ஒவ்வொரு தடவையும் அந்தக் கேள்வியைத் தாண்டிப் போனாய். காதால் கேட்டே பழகினவன் நான். வந்துகொண்டிருந்தது நின்றுபோனால் தெரியும்.

பொய் சொல்லமாட்டேன். மேடையில் இரண்டு தூண்டிலும் தண்ணீரில் கிடந்ததைப் பார்த்தபோது இல்லை, டீக்கடையில் உட்கார்ந்த பிறகு சுருக்கென்றது. அந்த இரண்டாவது என்னுடையது என்று நினைத்திருந்தேன். அன்றைக்குக் குளத்துக்குப் போய்த் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு இருந்துவிட்டு வந்தேன். நான் வராத நாளில் என் தூண்டிலை அவன் சும்மாவா வைத்திருந்தான்? அதிலும் மீன் பிடித்தான்.

இப்போது மேடையில் மூன்றாவதாக ஒன்று இருக்கிறது. நான் பிடித்த மீனை விற்று வாங்கினது. மேடை நீளமாகத்தான் இருக்கிறது, நெருக்கி உட்கார வேண்டியதில்லை.

கதவைப் பற்றி நீ இனி நினைக்கக் கூடாது. சாவி என் கையில் இருக்கிறது, அவன் கொடுத்தது. இனி அந்தக் கதவைத் திறப்பது என் வேலை. நீ டல்லாஸ் போனாலும் சரி, எங்கே போனாலும் சரி, வீடு நிற்கும். எனக்கு முடியாத நாளில் சாமுவேல் திறப்பான். திறக்கிறேன் என்று அவனே இப்போது எழுதிக்கொள்கிறான்.

போன வாரம் நஞ்சப்பன் கடைக்கு வந்து நான் செடிக்குத் தண்ணீர் விடுவதைப் பார்த்தான். "ஏனுங்ணா, இன்னும் அந்தப் புள்ளைக்குக் கடுதாசி போட்டுட்டுத்தான் இருக்கறீங்களா? என்னத்துக்கு?" என்றான். "ஒண்ணுமில்லடா, சும்மாதான்" என்றேன். அவனுக்குப் புரியவில்லை. உனக்குப் புரியும்.

சாமுவேல் இதை எழுதி முடித்ததும் ஒட்டாமல் கொடு என்று சொல்லியிருக்கிறேன். வீட்டுக்கு எடுத்துப்போய் என் கையால் ஒரு வேலை செய்ய வேண்டும். பிறகுதான் தபாலில் போடுவேன். அதனால் இந்தக் கடிதத்தில் இருப்பதை நீ படிப்பதற்கு முன்னாலேயே, உறை கைக்கு வந்தபோதே, பதில் தெரிந்திருக்கும்.

ஒரு தம்பியை மறுபடியும் விசாரித்தேன் என்று சொல்.

எழுத்து சாமுவேலுடையது. மீதி அங்கப்பனுடையது.


நியூஜெர்சி,
19.12.1999

மாமாவுக்கு பொற்கொடியின் நமஸ்காரம். உங்கள் மூட்டு வலி, சாமுவேல் அண்ணனின் கண் தூசு, எல்லாவற்றுக்கும் பதில் எழுதுங்க. நான் இரண்டு நாளாக நன்றாகத் தூங்குகிறேன்.

உறை வந்தது. நாலு மூலையிலும் மஞ்சள். ஒரு மூலையில் உங்கள் கட்டைவிரல் அப்படியே பதிந்திருக்கிறது. தபால்காரப் பெண்மணி, வழியில் என்னமோ சிந்திக் கறை பட்டுவிட்டது என்று என்னிடம் மன்னிப்புக் கேட்டாள். கறை இல்லை என்றேன். அதற்கு மேல் அவளுக்குச் சொல்ல முடியவில்லை. நின்று பார்த்துவிட்டு என் தோளைத் தட்டிக் கொடுத்துவிட்டுப் போனாள்.

பொங்கலுக்கு முந்தின சனிக்கிழமை சாயங்காலம் மேடைக்கு வாரோமுங்க. உங்களுக்கு ஞாயிறு காலை. மத்தியானம் வரைக்கும் காத்திருக்காதீங்க, காலையிலேயே தாடியோடு வந்துவிடுங்க.

கோவிந்தராஜுலு உங்களை விசாரித்ததாக எழுதச் சொன்னார்.

பொற்கொடி.